‘காணப்படவில்லை’ என்று எழுதினேன்

இருந்த ஒன்றை இல்லை என்று எழுதினேன். பணிவாக, பிழையில்லாமல், முத்திரையிட்டு அனுப்பினேன். காரணம் பொறாமை. வேறொன்றும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகம். தகவல் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை... ஜெயசீலி என் பிரிவுக்கு வரும்வரை.

அவள் எழுதும் பதில்களின் அடியில் இரண்டு வரி கூடுதலாக இருக்கும். எதை எடுத்து வர வேண்டும், மலைக்கிராமங்களிலிருந்து எந்தப் பேருந்தில் வந்தால் அன்றே திரும்பலாம்... அவ்வளவுதான். அதற்கே ஆட்கள் அவளைத் தேடி வந்து கும்பிட்டார்கள். சாமை கொண்டுவந்தார்கள்; அவள் வாங்கவில்லை. அதுவும் எனக்கு வயிற்றெரிச்சல். பிறகு உறையிலேயே ‘ஜெயசீலி அம்மா பார்வைக்கு’ என்று எழுதத் தொடங்கினார்கள். அந்த உறைகளில் என் பெயரைத் தேடியிருக்கிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அவள் விடுப்பில் இருந்த வாரம் அப்படி ஓர் உறை என் மேசைக்கு வந்தது. வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து சின்னையன் என்பவர் எழுதியிருந்தார். மகளுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குச் சாதிச் சான்று வாங்க, தம் தந்தைக்கு முன்பு கொடுத்த சான்றின் நகல் வேண்டும். கடைசி நாள் நெருங்குகிறது.

பீரோவைத் திறந்தேன். பழைய பதிவேட்டில் அவருடைய தந்தையின் பெயர் இருந்தது. விரல் வைத்துப் படித்தேன். மூடிவிட்டேன்... ஏன்? நகல் கிடைத்தால் அவர் இறங்கி வந்து ஜெயசீலியைத்தானே கும்பிடுவார்!

‘தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகப் பதிவேடுகளில் காணப்படவில்லை எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.’ அடியில், அவளைப் போலவே இரண்டு வரி: ‘உதவ இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் மகள் நன்றாக வர வாழ்த்துகிறோம்.’

அடுத்த மாதம் அவர் வந்தார். நேரே ஜெயசீலியின் மேசைக்குப் போனார்.

“சீட்டு போயிடுச்சிங்கம்மா. பொண்ணு இங்கதான் துணிக்கடையில வேலைக்குப் போய்க்கினு இருக்குது. ஆனா இல்லன்னு சொல்றத இவ்ளோ மரியாதயா யாருங்க எழுதறாங்க? வூட்ல எல்லாருக்கும் படிச்சிக் காட்டனேன்.”

நம்புவீர்களா? அப்போதும் எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்வு அல்ல. என் பொய்க்கான நன்றியும் அவளுக்கே போகிறதே என்ற ஆத்திரம்.

ஜெயசீலி கடிதத்தை வாங்கிப் படித்தாள். “இத நான் எழுதலங்க. லீவுல இருந்தேன். சார்தான் எழுதனாரு.”

அவர் என் பக்கம் திரும்பிக் கைகுவித்தார். முதல் கும்பிடு... எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். “இருக்கட்டுங்க” என்றேன். பீரோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இன்றும் இருக்கிறது. அந்தப் பெண் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒரு நகல் போதும். தேடியதில் கிடைத்தது என்று நான் இரண்டு வரி எழுதினால் முடிந்தது. ஆனால் எழுதினால், அன்றே அது இங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும்; அந்தக் கும்பிடு என்னிடம் தங்காதே...

இன்னும் எழுதவில்லை.