எஸ்தர் அக்கா ஜெபத்தில் சொன்னது

1. ஒரு செவ்வாய்க்கிழமை, என் இரண்டு வயது மகள் ஜெசிக்கா தெமோதரையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பகலில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலிருந்து இருமலோடு வந்தாள்.

2. மருந்து கொடுத்தோம். இருமல் நிற்கவில்லை. மூச்சில் விசில் சத்தம் கேட்டது.

3. பதுளைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். அதில் எதுவும் தெரியவில்லை.

4. காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் அக்காவிடம், "எதையாவது வாயில போட்டாளா அக்கா?" என்று கேட்டேன். "ஐயோ, இல்ல தங்கச்சி. எங் கண்ணு முன்னாடிதானே இருந்தா" என்றார்.

5. நம்பினேன்.

நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். எதையும் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் எஸ்தர் அக்கா என் ஜெபத்துணை. நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டவர். அவருடைய வார்த்தையைப் போய் யார் சோதிப்பார்கள்?

சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. மூச்சு இழுக்கும்போது விலாவில் குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வரும்வரை சபையார் எங்கள் வீட்டில் முழங்காலிட்டார்கள். "ஆண்டவரே, காரணத்தைக் காட்டும்." எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போம். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. என் தோளை உரசியபடி எஸ்தர் அக்கா அழுதார்: "அந்தக் கச்சான் கடலையை நான்தானே குடுத்தேன் ஆண்டவரே! புள்ளைக்குப் பொரையேறுச்சே!"

நான் கண்களைத் திறந்தேன். "என்னக்கா சொன்னீங்க?"

"வேலை போயிரும்னு பயந்துட்டேன் தங்கச்சி. தெனமும் அவளுக்காக அழுது ஜெபிச்சேன்."

"ஆண்டவருகிட்ட சொன்னீங்க. பெத்தவ பக்கத்துலதானே இருந்தேன்?"

ஆஸ்பத்திரியில் முதலில் கச்சானைத்தான் சொன்னேன். "சொன்னது நல்லதாப் போச்சு. கச்சான் எக்ஸ்ரேயில தெரியாதும்மா" என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்து, கமரா பொருத்திய குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, வலது பக்கம் அடைத்திருந்த பருப்பை எடுத்தார்கள். அது ஊறி வீங்கியிருந்தது.

பிரியமானவர்களே, நான் காரணத்தைக் கேட்டேன். அதை மறைத்த வாயிலிருந்தே ஆண்டவர் வெளியே கொண்டுவந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். நீங்களும் அவரிடம் கேளுங்கள், பதில் தருவார். உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், அவரிடம் சொல்வதற்கு முன் பிள்ளையின் தாயிடம் சொல்லுங்கள்.

ஜெசிக்கா நன்றாக மூச்சு விடுகிறாள். மன்னிக்கும் மனதுக்காக ஜெபிக்கிறேன்; இன்னும் கிடைக்கவில்லை. சபையில் எஸ்தர் அக்காவைக் கண்டால் ஸ்தோத்திரம் சொல்கிறேன். அவர் பக்கத்தில் முழங்காலிடுவதில்லை.