சனிக்கிழமை விமானம்

எங்கள் தொழிலில் விமானம் வானத்தில் பறக்காது. கம்ப்யூட்டர் திரையில் புள்ளியாக ஊர்ந்து, பேட்டரி தீர்ந்ததும் சார்ஜருக்கு வரிசையில் நிற்கும். எட்டு சின்ன மின்சார விமானங்கள், மூன்றே சார்ஜர்கள். இதை வைத்துக்கொண்டு கோவை, சத்தியமங்கலம், வால்பாறை என்று ஓட்ட முடியுமா என்பதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரே பிளக் பாயிண்டும் நான்கு செல்போனும் உள்ள வீட்டில் வாழ்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

நம்மூர் மரியாதை

முதல் வாரம், "உன் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோ சார்ஜ் உள்ள விமானம் பக்கத்தில் நின்றால் அதற்கு வழிவிடு" என்று ஒரு விதி எழுதினேன். நல்ல விதி என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. சரியாக ஒரே அளவு சார்ஜோடு இரண்டு விமானங்கள் வந்து சேர்ந்தன. இது அதற்கு விட்டது, அது இதற்கு விட்டது. திரையில் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது, சார்ஜர் காலியாகவே கிடந்தது.

பக்கத்து இருக்கை ரஹீம் கோட்டைமேட்டுக்காரர். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பந்தியில 'நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க'ன்னு நிக்கற மாதிரியே இருக்குதுங்க மேடம். ஆராச்சும் ஒருத்தரைக் கையப் புடிச்சு உக்கார வெச்சுடுங்க."

சும்மா நின்ற விமானம்

என் வீட்டுக்காரருக்கு வால்பாறையில் வேலை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். கல்யாணம் ஆகி இரண்டு வருஷமாக நான் கோவை ஆர்.எஸ்.புரத்தில், அவர் மலைமேல். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பொள்ளாச்சியில் பஸ் மாறி, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினால், ஞாயிறு மத்தியானம் இறங்க வேண்டும். திரையில் அதே தூரத்தை அந்தப் புள்ளி அரை மணிக்குள் தாண்டும். பார்க்கப் பார்க்க ஏக்கமாக இருக்கும். மூன்றில் ஒரு சார்ஜரை வால்பாறைக்கு ஒதுக்கி அங்கேயே வைத்தேன். அதோடு நிற்காமல், யாருக்கும் சொல்லாமல் இன்னொன்றும் செய்தேன்.

மேனேஜர் கண்ணில் அது பட்டுவிட்டது. கோபப்படவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: "மத்த நாளெல்லாம் சரியா இருக்குதுங்க அம்மணி. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வால்பாறைக்குன்னு ஒரு பிளேன் எதுக்குங்க முழுச் சார்ஜோட சும்மா நிக்குது?"

மூன்றாவது சார்ஜர்

வால்பாறைச் சார்ஜரைக் கோவைக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். மாற்றினேன். காத்திருப்பு பாதியாகக் குறைந்தது. பனிமூட்டம் போட்டேன், எதிர்காற்று போட்டேன், எப்படியாவது சொதப்பட்டும் என்று வேண்டிக்கொண்டே பத்து தடவை ஓட்டினேன். பாழாய்ப்போனது பத்து தடவையும் நன்றாகவே ஓடியது. மலை ஏறின விமானத்துக்கு அங்கே சார்ஜர் இல்லையென்றால் திரும்பத் தெம்பு இருக்காது. ஆகவே வால்பாறையையே விட்டுவிடலாம் என்று என் கையாலேயே அறிக்கை எழுதினேன். எழுதி முடித்ததும் அழுகை வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எஸ்டேட்டில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டிய வாரம் அது. "உங்க வேலை முக்கியம், நீங்க இருங்க" என்று நான் சொல்வதும், "உன்ற வேலையக் கெடுக்கக் கூடாது, நீ அங்கயே இரு" என்று அவர் சொல்வதும் எங்கள் வழக்கம். அன்றும் அவர் ஆரம்பித்தார். எனக்கு அந்த இரண்டு விமானங்களும் காலிச் சார்ஜரும் ஞாபகம் வந்தன. முதல் தடவையாக, நீங்கள் இல்லாமல் முடியவில்லை, வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னார்: "வாரேன் கண்ணு. இதை நீ சொல்லோணும்னுதான் நானும் ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தேன்."

எட்டு விமானங்களுக்கு ஒரே மாதத்தில் வரிசை போட்டுக் கொடுத்தவளுக்கு, இரண்டே பேருக்கு வரிசை போட இரண்டு வருஷம் பிடித்திருக்கிறது.