வாடகை பூட்ஸும் வீட்டு சாக்ஸும்

வாடகைக்கு விட்ட சாமான் திரும்பி வருமா என்பது எல்லா வாடகைக் கடைக்காரர்களுக்கும் உள்ள கவலை. எங்கள் கடையில், எடுத்துப்போன ஆள் திரும்பி வருவாரா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

கல்யாணப் பாத்திரம், ஷாமியானா, சைக்கிள் என்று வாடகைக்கு விட்டு வயிற்றெரிச்சல் பட்டுக்கொண்டிருக்கும் சகாக்களே, நான் தொண்ணூறுகளில் டில்லி கரோல் பாகில், மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடும் கடையில் கவுண்டரில் நின்றவன். முதலாளி பஞ்சாபி. வெள்ளைக்காரர்கள் இமயமலையில் ஏறி இறங்கி ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போகும் பூட்ஸ், கயிறு, பனிக்கோடாலி, இறகு ஜாக்கெட் எல்லாம் எங்களிடம் கிடைக்கும். மதுரைக்காரனான எனக்கு அதுவரை தெரிந்த பனியெல்லாம் மார்கழிப் பனிதான். உங்கள் ஷாமியானா கிழிந்து வந்ததா? கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்.

விரலை ஆட்டுங்க

மலை பூட்ஸை ஆபீஸ் ஷூ மாதிரி கச்சிதமாகப் போடக் கூடாது. மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கனத்த சாக்ஸ் ஒன்று, அதற்கும் மேலே விரல்கள் உள்ளே தாராளமாக ஆட இடம் வேண்டும். இறுக்கினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத விரல் அந்த உயரத்தில் உறைந்து, கறுத்து, கடைசியில் டாக்டர் கத்திக்குப் போகும். அதனால் பூட்ஸை மாட்டிவிட்டு, “விரலை ஆட்டுங்க” என்று சொல்லி, ஆட்டிக் காட்டிய பிறகே கொடுப்பது எங்கள் கடை வழக்கம். முக்கால்வாசிப் பேர் கேட்க மாட்டார்கள். “லூசா இருக்கு பையா, டைட்டா ஒண்ணு குடு” என்பார்கள்.

சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஆட்டிக் காட்டியவர் பழனிசாமி. கோயமுத்தூர்க்காரர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் குடியிருப்பு, சர்க்காரில் செக்ஷன் ஆபீசர். மலையேற சர்க்காரில் ஸ்பெஷல் லீவு உண்டு என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லீவு கொடுத்தா ஆளை அங்கே அனுப்புகிறார்கள்! “எதுக்கு சார் இந்த வம்பு?” என்று கேட்டேன். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“நான் எழுதின ஃபைல் ஒண்ணுகூட அண்டர் செக்ரட்டரியைத் தாண்டிப் போனதில்லீங்க. நானாச்சும் போயிப் பாக்கறேன்.”

இன்னொரு ஜாக்கெட்

அதே மத்தியானம், பழனிசாமி இன்னும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு காலேஜ் மாணவன் சாமான் திருப்பித் தர வந்தான். போகும்போது இரண்டு நண்பர்களாக வந்து, ஆளுக்கொரு ஜாக்கெட் எடுத்துப் போனவர்கள். ஒரே மாதிரி சிரிப்பு, ஒரே மாதிரி அலட்டல். இப்போது ஒருவன்தான் வந்தான். முகம் பனி வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது.

முதலாளி வழக்கம்போல ஜிப்பை இழுத்துப் பார்த்தார், தையலைப் பார்த்தார், எங்கேயாவது இறகு வெளியே வருகிறதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு நிமிர்ந்து, இன்னொரு ஜாக்கெட் எங்கே என்றார். பையன் கவுண்டரைப் பார்த்தபடி இந்தியில் சொன்னான்:

“அவன் போட்டிருக்கான், அங்கிள். எங்களால அவனைத் தூக்கிட்டு வர முடியல.”

கதகதப்பு யார் பொறுப்பு

பக்கத்திலேயே இருந்து இதைக் கேட்ட பழனிசாமி இனி இந்தத் தெருப் பக்கமே வர மாட்டார் என்று நினைத்தேன். மறுநாளே பூட்ஸை எடுத்துப்போக வந்து நின்றார், கூடவே மனைவி சரஸ்வதியோடு. அந்தம்மாவும் சர்க்கார் உத்தியோகம். குளிர்காலத்தில் டில்லி ஆபீஸ் பெண்கள் சாப்பாட்டு வேளையில் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டு கம்பளி பின்னுவார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். கைப்பையிலிருந்து ஊசிகளோடு பாதி பின்னிய சாம்பல் நிற சாக்ஸ் எட்டிப் பார்த்தது. வீட்டில் போட்டுக்கொள்ளத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தம்மா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிர் உள்ளே போகாதே, தண்ணி இறங்காதே, நிச்சயந்தானே என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நான் சத்தியம் செய்யாத குறை. புறப்படும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பூட்ஸ் உங்க பொறுப்புங்ணா. கதகதப்பு என் பொறுப்பு, அதை நான் பாத்துக்கறேன்.”

திரும்பி வந்த பூட்ஸ்

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க சரஸ்வதியம்மா தனியாக வந்தார். பழனிசாமி ஏன் வரவில்லை என்று நான் கேட்கும் முன்பே அந்தம்மாவே சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை, வலது காலில் எல்லா விரலையும் எடுத்துவிட்டார்கள், இடது காலில் இரண்டு.

முதலாளி டீ வரவழைத்தார், அந்தம்மா தொடவில்லை. உங்கள் பூட்ஸுக்குள் குளிர் இறங்கிவிட்டது என்று வீட்டுக்காரரே சொன்னார், நீங்கள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னீர்களே என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அந்தம்மா போன பிறகு பூட்ஸுக்குள் கையை விட்டுத் தேடினேன். ஒரு பிளவு இல்லை, ஒரு ஈரம் இல்லை. அவர் படியிறங்கும்போது சொன்னதுதான் காதில் நின்றது:

“பூட்ஸுக்கு ஒண்ணும் ஆகலீங்க. அதையாச்சும் நல்லாப் பாத்துக்குங்க.”

ஒரு சைஸ் சின்னது

சில மாதம் கழித்துப் பழனிசாமி வந்தார். நடை மாறியிருந்தது. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தார். உட்கார்ந்ததும், அதே பூட்ஸில் ஒரு சைஸ் சின்னது இருக்கிறதா என்றார். மறுபடியுமா? “உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்க. அத்தனை பக்கத்துல வந்து திரும்பிட்டேன், தூக்கமே வரலை” என்றார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

சின்ன சைஸை மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் “விரலை ஆட்டுங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் முகம் செத்துப்போனதைப் பார்த்து அவர்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து, பூட்ஸில் குறை எதுவும் இல்லை சார், நான் பார்த்தேன் என்றேன். தெரியும் என்றார். மேலே கடைசிக் கூடாரத்தில், உங்கள் இரண்டு சாக்ஸுக்கு மேலே மூன்றாவதாக வீட்டு சாக்ஸையும் போட்டுக்கொண்டேன், பூட்ஸ் இறுகிவிட்டது என்றார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

“அவ பின்னினதாலதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டாளுங்க. பூட்ஸ் சரியில்லைன்னு சொல்லிட்டேன். நீங்க பொறுத்துக்கோணும்.”

மூன்று ஜோடி

பூட்ஸை எடுத்துப்போக இருவருமாக வந்தார்கள். சரஸ்வதியம்மா எப்படிச் சம்மதித்தார் என்று வியந்துகொண்டிருக்கும்போதே, பையிலிருந்து மூன்று ஜோடி கம்பளி சாக்ஸை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஒவ்வொன்றும் என் விரல் கனம். “போன தடவை ஒண்ணுதான் பின்னினேன், பத்தலை. இந்தத் தடவை மூணையும் போட்டுட்டுத்தான் ஏறோணும்னு சொல்லித்தான் விடறேன்” என்றார். மூன்றையும் போட்டால் கொள்கிற பூட்ஸ் டில்லியிலேயே கிடையாது. அப்படிப் பெரியதாகத் தேடிப் போட்டாலும் விரலில்லாத கால் அதற்குள் நிற்காது.

அந்தம்மா ஜாக்கெட் பார்க்க உள்ளே போன நேரத்தில், “பையிலேயே வச்சுக்குங்க சார், போட்டுக்காதீங்க” என்று காதில் சொன்னேன். “போன தடவையும் அப்படி நெனச்சுத்தான் எடுத்துட்டுப் போனேன். மேல காத்து கம்மிங்க, புத்தி நிக்காது. அவ பின்னினது கையில பட்டா போட்டுக்கத்தான் தோணும்” என்றார். “அப்ப உண்மையைச் சொல்லிடுங்க.” அவர் சாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறைந்த விரலும், வராமல்போன அந்த ஜாக்கெட்டும் அசைக்காத மனுஷர், மனைவி வந்ததும் பூட்ஸை என் பக்கம் தள்ளினார். “நான் போகலை சரசு” என்றார்.

சரஸ்வதியம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு சந்தோஷத்தில் ஒரு ஜோடியை எடுத்து என் கையில் திணித்தார்:

“இது உங்களுக்குங்ணா. ஆனா அந்தக் கெட்ட பூட்ஸை மட்டும் இனி யாருக்கும் குடுக்காதீங்க, அவங்க வீட்லயும் ஒருத்தி காத்துட்டு இருப்பா.”

டில்லி ஜனவரிக்கு அந்த சாக்ஸ் அருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் அதைச் செருப்போடு மட்டும்தான் போட்டுக்கொள்கிறேன்.