கொக்கி ஓங்கிய கையும் கூப்பிட்ட குரலும்

என் அண்ணன் ஜெபராஜின் காதோரம் கல் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கத்தவில்லை. கத்த முடியவில்லை. விசுவாசிகளே, என் சாட்சி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

என் பெயர் எஸ்தர். மதுரையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டுக் கொடைக்கானலுக்குத் திரும்பி வந்து, பேத்துப்பாறை போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை எடுத்து மலைப்பூண்டு வியாபாரம் ஆரம்பித்தேன். விவசாயிகள் புகை போட்டுப் பக்குவம் செய்த பூண்டை வாங்கிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புவேன். அண்ணன் பிக்கப் ஓட்டுவார். காலையில் ஒரு யோசனை வந்தால் சாயங்காலத்துக்குள் செய்துவிட வேண்டும், அப்படி ஒரு பரபரப்பு எனக்கு.

ஆனால் பத்துப் பேர் முன்னால் நின்றால் எல்லாம் முடிந்தது. மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துவிடும். சபையில் சாட்சி நேரம் வந்தால் நான் பாத்ரூமில் இருப்பேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்!

போன ஆகஸ்டில் விவசாயிகளைக் கூட்டி என் திட்டத்தை விளக்க வேண்டியிருந்தது. யூடியூப் பார்த்துப் பழகினேன். கையை எங்கே வைப்பது, எங்கே சிரிப்பது, எல்லாம். மைக்கைப் பிடித்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் கருப்பையா மாமா உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பூண்டு போடுகிற விவசாயி; சொந்தமில்லை, ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும்.

"ஏத்தா, நாக்க மதுரையிலயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா? பஸ்ஸப் புடிச்சு எடுத்துட்டு வரச் சொல்லவா?"

கூட்டம் சிரித்தது. நான் ஓடிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது: "வாயத் தெறக்காதவ எதையோ மறைக்கிறா." அன்றிலிருந்து என் ஜெபமும் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, எனக்குப் பேச்சைத் தாரும். வானம் அடைத்துக் கிடந்தது.

அக்டோபர் மழையில் ஒரு லாரி எங்கள் போர்டுக்கு முன்னால் நின்று, சமவெளியில் விளைகிற மலிவான கீழ்நாட்டுப் பூண்டை இறக்கியது. இறக்கியது பக்கத்துக் கொட்டகைக்கு. அது வேறொரு வியாபாரியுடையது. யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். "மலைப்பூண்டுல கலப்படம் பண்றா." அந்தப் பெயர் வெளியே போனால் மலையில் ஒருவர் பூண்டும் விலை போகாது. விவசாயிகளின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். பதில் சொல்ல வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்தேன். என் குரலை நானே கேட்டு அழித்தேன். மறுபடி பதிவு செய்து மறுபடி அழித்தேன்.

மறுநாள் வெள்ளனே வந்துவிட்டார்கள். கையில் மண்வெட்டிக் காம்பு, கடப்பாரை. முதலில் பிக்கப்பின் கண்ணாடி போனது. பிறகு பேக்கிங் மிஷினைப் புரட்டிப் போட்டு மிதித்தார்கள். தகரத்தில் கல் விழுந்த சத்தம் ஆலங்கட்டி மழை போல இருந்தது. அண்ணன் கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் கேளுங்க…"

கேட்கவில்லை. கல் வந்தது. அண்ணன் முட்டி போட்டு விழுந்தார். விழுந்தவரின் விலாவில் மிதித்தார்கள். ரத்தம் காது வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

"பேசு புள்ள!" கருப்பையா மாமாதான், கடப்பாரையோடு. "இப்பவாவது வாயத் தெறடீ!"

என் கையில் மூட்டை இழுக்கிற கொக்கி இருந்தது. கூரான இரும்பு. அதை ஓங்கினேன். அவர் கழுத்தைத்தான் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். குத்தியிருப்பேன். அந்த நொடியில் உள்ளே ஒரு கதறல். ஆண்டவரே, இந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும், என் வாயைத் திறந்துவிடும்!

கை திரும்பியது. கொக்கி பக்கத்து மூட்டையில் ஏறியது. அதை இழுத்துத் தராசில் போட்டேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"லாபம்!"

வெளியூர் விசுவாசிகளுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் மூட்டையைத் தராசில் ஏற்றும்போது முதல் மூட்டைக்கு 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்ட பிறகு யாரும் பேசக்கூடாது. பேசினால் கணக்குக் கெடும். மூட்டைக்காரர் "எங்களுது" என்று பதில் சொன்னால்தான் அடுத்தது ஏறும். தராசைப் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகு காட்டித் தினமும் நான் கூப்பிடுகிற கூப்பாடு அது. அதைப் பேச்சு என்று நான் நினைத்ததே இல்லை.

ஓங்கிய காம்புகள் அப்படியே நின்றன. பழக்கம், வேறென்ன! கை அடிக்க வந்தாலும் காது கணக்குக்கு நின்றது.

இந்த முறை நான் அவர்களைப் பார்த்துத் திரும்பினேன். ஒவ்வொரு வீடும் தன் மூட்டையைத் தன் வீட்டுத் துணிக் கிழிசலால் கட்டும். "பச்சைச் சேலை! யாருது?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல். "எங்களுது."

"ரெண்டு! கட்டம் போட்ட கைலி!"

"எங்களுதும்மா."

"மூணு! பள்ளிக்கூட ரிப்பன், செவப்பு!"

எல்லாரும் கருப்பையா மாமாவைப் பார்த்தார்கள். அவர் மகளின் ரிப்பன். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல மாமா. நாக்க எங்க வச்சிட்டு வந்தீங்க?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் கடப்பாரையைக் கீழே போட்டார். "எங்களுதுதான்த்தா."

நான் நிறுத்தவில்லை. கொட்டகை காலியாகும்வரை கூப்பிட்டேன். சொந்தக்காரர் இல்லாத மூட்டை ஒன்றுகூட இல்லை; எல்லாம் அவர்களே கொடுத்த பூண்டு. "கீழ்நாட்டுப் பூண்டு பக்கத்துக் கொட்டகையில கெடக்கு, போயிப் பாருங்க" என்று சொன்னேன். அதற்குள் கருப்பையா மாமா தன் துண்டால் அண்ணன் தலையைக் கட்டித் தூக்கித் தன் ஜீப்பில் போட்டிருந்தார். "வெரசா ஏறு புள்ள" என்றார். அழுதுகொண்டே ஓட்டினார்.

அண்ணனுக்கு இடது காது இன்றுவரை கேட்பதில்லை. அற்புதம் என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று ஒரு கொலை நடக்காமல் கர்த்தர் காத்தார். கொன்றிருக்கக்கூடியவள் நான்.

போன மாதம் மதுரையில் வியாபாரிகள் கூட்டத்தில் பேசினேன். மேடை ஏறும்போது பழைய பயம் வரத்தான் செய்தது. மனசுக்குள் 'லாபம்' என்று கூப்பிட்டேன். வாய் திறந்தது. முன்வரிசையில் அண்ணன் தன் வலது காதை என் பக்கம் திருப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கருப்பையா மாமா. பேசி முடித்ததும் முதலில் கை தட்டியது அவர்தான்.

பிரியமானவர்களே, நாக்கு ஒட்டிப்போய் கை ஓங்குகிற நேரம் உங்களுக்கும் வரும். அழகான வார்த்தைக்குக் காத்திருக்காதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கொக்கியை எதில் மாட்டவேண்டும் என்று அவர் காட்டுவார். எனக்குக் காட்டினார். ஸ்தோத்திரம்.