பாண்டிச்சேரிக்கு ஏற்ற லென்ஸ்

"திரு. புகழேந்தி: இமயம் முதல் குமரி வரை அலைந்து திரிந்த பயணப் புகைப்படக் கலைஞர். எல்லைகள் அறியாதவர்." ஒளிப்படக் கலைஞர்கள் சங்கத்தின் ஆண்டு மலர் இப்படிச் சொல்கிறது. கீழே தலைவரின் கையொப்பமும் முத்திரையும் இருப்பதால் நம்பித்தான் ஆகவேண்டும்.

புகழேந்திக்கு எல்லை ஒன்று உண்டு. அது வட்டமானது. திருவண்ணாமலையைச் சுற்றி ஓடும் கிரிவலப் பாதைதான் அவருடைய தொழிலிடம். வலம் வருகிறவர்களை மலை பின்னால் தெரியும்படி படம் எடுத்து, அங்கேயே அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுவார். பாதையை விட்டு அவர் வெளியூர் போனதெல்லாம் பெரும்பாலும் துக்க வீடுகளுக்கு. அங்கே படம் எடுக்க முடியாது என்பதால் அவற்றைப் பயணத்தில் சேர்ப்பதில்லை.

வலம் வருகிறவர்களுக்கு மலை வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். மற்றவர்கள் இதை வலம் வரும் நாளில் கடைப்பிடிப்பார்கள். புகழேந்தி வேலை நாளிலும் கடைப்பிடித்தார். வெறுங்காலோடு பாதையில் இறங்கிவிட்டால் முகத்தைத் திருப்பலாம், காலைத் திருப்பக்கூடாது என்பது அவர் சட்டம். ஒருமுறை அக்னி லிங்கத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு குடும்பம், "அண்ணே, இங்க ஒரு போட்டோ" என்று கூப்பிட்டது. "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மலையைச் சுற்றி அவர் வந்து சேர்ந்தபோது அந்தக் குடும்பம் ஊர்போய்ச் சேர்ந்திருந்தது.

பக்தியா என்றால் அதுவும் இல்லை. கோயிலுக்குள் போய் வருஷக்கணக்காகிறது. கேட்டால், "பக்தி வேற, ஒழுங்கு வேற" என்பார்.

இப்படிப்பட்டவர் லென்ஸ் கழற்றி மாட்டுகிற மிரர்லெஸ் கேமரா வாங்கினால் எல்லாத் தூரத்துக்கும் பொருந்துகிற ஒரே ஜூம் லென்ஸ் தேவைப்படுவது நியாயம்தானே? பக்கத்தில் நிற்கும் கூட்டமும் அடங்கவேண்டும், தாண்டிவந்த ஆளும் எட்டவேண்டும். கழற்றி மாட்டுகிற வேலை ஆகாது. ஒருநாள் அவர் லென்ஸைக் கழற்றிய நேரம் பார்த்து ஒரு சாமியார் ஆசி சொல்லி ஊதிய விபூதி கேமராவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் எடுத்த படங்களில் வானமெல்லாம் திருநீறு.

அவர் மனைவி கஸ்தூரிக்குத் தேவைப்பட்டது கடல். "கீழ்பென்னாத்தூர்ல பொறந்து இங்க வாக்கப்பட்டேன். ஏரி பாத்தாச்சு, ஏரிக்கர பாத்தாச்சு. பாண்டிச்சேரி என்ன வெளிநாடா?" என்று வருஷம் தவறாமல் கேட்பாள். புகழேந்தி ஒருமுறைகூட மறுத்ததில்லை. "போலாம் கஸ்தூரி. கடலுக்கு ஏத்த லென்ஸ் அமையட்டும்" என்பார். கடல் அகலமானது, அதற்கு ஒரு லென்ஸ். கப்பல் தூரத்தில் நிற்கும், அதற்கு ஒரு லென்ஸ். இரண்டும் ஒன்றாக வரும்வரை கடலும் கப்பலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் சுரேஷ்குமார் கடையில் ஒவ்வொன்றாக எடுத்துவந்து மலையைச் சுற்றிச் சோதித்துப் பார்த்ததில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்று இருபத்துநாலு-நூற்றைந்து மில்லிமீட்டர், அகலம் ஜாஸ்தி. மற்றது இருபத்தெட்டு-இருநூறு, எட்டும் தூரம் ஜாஸ்தி.

"ரெண்டும் நல்ல லென்ஸ்ணே. கண்ண மூடிக்கினு ஒண்ண எடுத்துக்கினு போங்க" என்றான் சுரேஷ்குமார்.

"கண்ண மூடிக்கினு வாங்கறதுக்கு லென்ஸ் எதுக்குடா?"

இந்த நிலையில்தான் தெரு மகளிர் குழு பாண்டிச்சேரிக்கு வேன் பிடித்தது. குழுத் தலைவி அன்புச்செல்வி இவர்களுக்கும் வேனில் இரண்டு சீட் ஒதுக்கி வைத்தாள். கஸ்தூரி வீட்டில் அறிவித்தாள்: "நான் போறேன். நீங்க வந்தா வாங்க. வரலன்னா இனிமே நம்ம ரெண்டு பேரும் சேந்து எங்கயும் போறதுன்ற பேச்சே கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை காலை கிரிவலப் பாதையில், ஆசிரமத்துக்கு எதிரே டீக்கடையோரம் வேன் நின்றது. புகழேந்தி தன் பையை கஸ்தூரியின் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, "கடைசியா ஒரே ஒரு டெஸ்ட்" என்று இருபத்தெட்டு-இருநூறு மாட்டிய கேமராவோடு இறங்கினார். பழக்க தோஷம், செருப்பை டீக்கடையிலேயே விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கஸ்தூரி போன் செய்தாள். வேனே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்கீங்க? டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு."

"இங்கதான், வேன் தெரியுது. ஆனா... தாண்டிட்டேன்."

தாண்டினால் என்ன என்று அந்த வேனில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள்.

"சுத்தி வந்துடறேன். நாலு மணி நேரம். வேகமா நடந்தா அதுக்கும் கம்மி."

"செருப்பு போட்டிருக்காரா கேளு" என்றாள் அன்புச்செல்வி. "செருப்பு கால்னா கிரிவலத்துல சேராது. தாராளமா திரும்பிக்கலாம்."

"வெறுங்காலுதான்க்கா" என்றாள் கஸ்தூரி.

"ஐயோ."

டிரைவர் மூர்த்தி ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு யோசித்தார். "மூஞ்சிய அந்தப் பக்கமே வெச்சிக்கினு, பின்னாலயே நடந்து வரச் சொல்லுங்கம்மா. மலை வலப்பக்கமேதான இருக்கும்?"

வேன் இதை ஆழ்ந்து பரிசீலித்தது. "லாரி கீரி இடிச்சிட்டா?" என்றாள் ஒருத்தி.

"கிரிவலத்துல போனா நேரா மோட்சம்தானம்மா" என்றார் மூர்த்தி.

கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சுத்தியே வாங்க. உங்க பைய டீக்கடையில குடுத்துட்டுப் போறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

புகழேந்தி முகத்தை மட்டும் திருப்பி, லென்ஸை இருநூறு வரை நீட்டி வேனைப் பார்த்தார். ஜன்னலில் கஸ்தூரி, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில். அவருடைய பையைத் தூக்கி ஜன்னல் வழியாக டீக்கடைக்காரரிடம் நீட்டினாள். காலியான சீட்டில் யாரோ ஒரு தூக்குச்சட்டியை வைத்தார்கள். அதை அவள் தடுக்கவில்லை. பை இருந்த ஓரம் சற்று மங்கல், முகம் துல்லியம். மற்ற லென்ஸாக இருந்திருந்தால் வேன் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மூர்த்தி மறுபடி ஹாரன் அடித்தார்.

புகழேந்தி கேமராவை அணைத்தார். திரும்பி, மலை இடக்கைப் பக்கம் இருக்க, வந்த வழியே நடந்துபோய், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த சீட்டில் உட்கார்ந்தார்.