கன்னத்தில் விழுந்த அடி

ஹட்டன் மாதா கோவிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் "என் பாவமே" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தபோது கூரையில் ஒரு குளவி இரைந்தது. நான் மறுபடியும் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் குளவிக்கூட்டில் கல்லை எறிந்தவன் நான். எறிந்துவிட்டு ஓடிவிட்டேன். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி அக்கா குளவி கொட்டிச் செத்துப்போனார்.

அந்த வருடம் முனியாண்டிக்குப் படையல் வைக்காததுதான் காரணம் என்று அவருடைய அம்மா நம்பினார். மலையடியில் முனியாண்டிக் கல்லின் முன் நின்று, "தப்பு பண்ணிட்டோம் சாமி, மன்னிச்சுக்க" என்று இரண்டு கன்னங்களிலும் அறைந்துகொண்டார். கன்னம் வீங்கிய பிறகும் நிறுத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை, செய்த பாவங்களைப் பாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், "வேற என்ன செஞ்ச?" என்று அவர் கேட்டார்.

"அம்மாகிட்ட பொய் சொன்னேன் பாதர். வேற ஒண்ணும் இல்லீங்க."

பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். மன்னிப்புக் கிடைத்தது.

இன்று நெஞ்சில் தட்டத் தூக்கிய கை, கன்னத்தில் ஓங்கி விழுந்தது. பக்கத்தில் நின்ற மனைவி பதறிப்போய், "என்னாங்க, குளவி கொட்டிருச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.