முப்பத்தொன்பதாவது தண்டையல்

கனகரத்தினம் கடற்கரை ஊரில் பிறந்தாரே தவிர, கடலுக்கும் அவருக்கும் ஒத்துவராது. வாலிபத்தில் ஒரேயொரு தடவை வள்ளத்தில் ஏறினார். கரை கண்ணுக்கு மறையுமுன்பே சத்தியெடுத்துக் கிடந்தவரைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு மானிப்பாயில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து காலத்தைத் தள்ளினார். அந்த மனுசன்தான் ஊரில் செத்த கப்பற்காரர் எல்லாருக்கும் கல்வெட்டுப் பாடினார்.

கல்வெட்டு என்றால் உளி கொண்டு வெட்டுவது அல்ல. செத்த முப்பத்தோராம் நாள் இறந்தவரின் பெருமையைப் பாட்டாக்கி அச்சடித்து, வந்த சனத்துக்கு முன்னால் வாசிப்பார்கள். வாசித்து முடித்த பிறகுதான் பந்தி. பசியோடு இருக்கிற சனம் எதையும் மறுத்துக் கதைக்காது. கனகரத்தினத்தின் புகழ் அந்தப் பசியில்தான் வளர்ந்தது.

அவருடைய பாட்டில் செத்தவர் எல்லாரும் தண்டையல். அதாவது, பாய்க்கப்பலின் தலைவர். அந்தக் காலத்தில் ஊரில் ஓடிய கப்பல்கள் ஏழு. கனகரத்தினம் உண்டாக்கிய தண்டையல்மார் முப்பத்தெட்டுப் பேர். பாய் இழுத்தவன், நங்கூரம் தூக்கியவன், தண்ணீர் இறைத்தவன் ஒருவனும் அந்த ஊரில் சாகவேயில்லை. வீட்டுக்காரருக்கும் இதில் சந்தோசம்தான். தகப்பன் தண்டையல் என்று அச்சில் வந்தால் பெண்பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்கு எவ்வளவு வசதி.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நாகலிங்கம் செத்தார். ‘வேதவல்லி’ என்ற கப்பலில் முப்பது வருசம் குசினியில் நின்று எல்லாருக்கும் சோறு சமைத்துப் போட்டவர். பிள்ளைகள் இல்லை. எட்டாம் நாள் மனைவி மீனாம்பிகை கனகரத்தினத்தின் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணை, அவரைத் தண்டையல் எண்டு எழுதிப்போடாதையுங்கோ. அவர் குசினியிலை நிண்டவர். அதை அப்பிடியே எழுதுங்கோ.”

“தங்கச்சி, துக்கத்திலை கதைக்கிறாய். குசினியைப் பாட்டிலை எப்பிடி வைக்கிறது?”

“எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. எனக்குப் பிறகு அவரை நினைக்க ஆரும் இல்லை. அந்தத் தாளிலையாவது அவர் இருக்கவேணும், அண்ணை.”

“ஓம், ஓம், நான் பாக்கிறன்” என்று அனுப்பிவைத்தார். பார்க்கவில்லை. சண்டையால் தாள் தட்டுப்பாடான காலம். எட்டுப் பக்கத்தில் வந்த கல்வெட்டு ஒரே தாளாகச் சுருங்கிவிட்டது. ஒரு தாளுக்காகப் புதிதாக மண்டையை உடைப்பானேன் என்று பழைய பாட்டையே எடுத்தார். அதில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நீளமான பெயர் என்றால் ‘திருவிளக்கே’ என்பதை வெறும் ‘விளக்கே’ ஆக்கிவிடுவார்.

கீரிமலைப் பக்கம் ஆமி நின்றதால் போக வழியில்லை; சாம்பல் கரைக்கிற அந்தியேட்டிக் கிரியையை ஊர்க் கடற்கரையிலேயே முடித்தார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டில் சனம் கூடியது. கனகரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

சூறை சுழன்றடிக்கச் சுக்கான் பிடித்துநின்றே
மாறா மனத்தோடு மரக்கலத்தை மீட்டெடுத்த
தீரத் தண்டையலே, நாகலிங்கத் திருவிளக்கே!

முன்வரிசையில் இருந்த கதிரவேலருக்கு எண்பது வயது. வேதவல்லியின் உண்மையான தண்டையல் அவர்தான்.

“அந்தப் புயலுக்குச் சுக்கான் பிடிச்சது நானெல்லோ” என்றார் அவர். “அதுக்குள்ளை என்னையும் சாக்காட்டிப்போட்டியே, கனகரத்தினம்?”

சனம் சிரித்தது. கனகரத்தினமும் சேர்ந்து சிரித்து அதை மழுப்பப் பார்த்தார். அப்போது மீனாம்பிகை எழும்பினாள். அவள் சத்தம் வைக்கவில்லை.

“நல்லாயிருக்குது, அண்ணை. ஆரோ பெரிய மனிசன் போலை கிடக்கு. இனி என்ரை மனிசன்ரையை வாசியுங்கோ.”

“தங்கச்சி, நாகலிங்கம்... நாகலிங்கம் நல்ல மனுசன்” என்று இழுத்தார் கனகரத்தினம்.

“அது எல்லாருக்கும் சொல்லுறதுதானே. கப்பலிலை அவர் என்ன சமைப்பார்? கடல் கொந்தளிச்சால் அடுப்பை எப்பிடி மூட்டுவார்? ஏதாவது ஒண்டு தெரியுமோ உங்களுக்கு?”

தெரியாது. நாற்பது வருசம் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தும் தெரியாது. நாகலிங்கம் கிடக்கட்டும், போன வருசம் பாடிய செபநாயகம் கப்பலில் என்ன வேலை செய்தார்? அதற்கு முந்தின சிவக்கொழுந்து? மனதுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரே முகத்தோடு நின்றார்கள். அத்தனை பேரின் உடம்பையும் கடலும் சுடலையும் கொண்டுபோயின. மிச்சம் இருந்ததை இவர் கொண்டுபோய்விட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“சொல்லு தங்கச்சி. இப்பவே எழுதிறன்.”

“சொல்லத்தானே அண்டைக்கு உங்கடை வீட்டுக்கு வந்தனான்” என்றாள் மீனாம்பிகை. “ஒண்டும் கேக்காமல் அனுப்பிப்போட்டியள்.”

பிறகு உள்ளே திரும்பி, சனம் பசியோடு இருக்கிறது, இலை போடுங்கோ என்றாள். முதல் இலையைக் கனகரத்தினத்துக்குப் போடச் சொன்னாள்.